கேளுங்கள், சொல்கிறேன்: 100 டாலர் லேப்டாப்பும் பூட்டிய லேப்பும்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பள்ளிக்கூடத்துக்கு மலிவு விலைக் கம்ப்யூட்டர் வாங்கினால் மிச்சச் செலவு பின்னாலேயே வந்து கதவைத் தட்டும்" என்று. அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள், மீதிப் பேர் நான் ஏழைப் பிள்ளைகளுக்கு எதிரி என்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான், மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கே: நான் பள்ளியில் படித்தபோது "100 டாலர் லேப்டாப்" வரப்போகிறது, உலகத்தில் எல்லா ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பச்சை நிறத்தில் முயல் காது வைத்த படம்கூட ஞாபகம் இருக்கிறது. அது என்ன ஆயிற்று சார்? (ஒரு கல்லூரி மாணவர்)

ப: அந்த முயல் காது வைஃபை ஆன்டெனா. காதை மடக்கினால் பக்கவாட்டில் இருக்கும் யூஎஸ்பி ஓட்டைகளை மூடிவிடும், தூசி போகாது. இப்படிச் சின்னச் சின்னதாக யோசித்துச் செய்த இயந்திரம் அது, அதனால் அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது.

2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி இந்த யோசனையை வைத்தார். அரசாங்கங்கள் லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும், அதனால் விலை 100 டாலருக்கு இறங்கும், குழந்தைக்கு ஒன்று. அமைப்பின் பெயரே "ஒன் லேப்டாப் பெர் சைல்டு", அதாவது குழந்தைக்கு ஒரு லேப்டாப். அதே வருடம் நவம்பரில் துனிஸில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானோடு மேடையில் நின்று மாதிரியைக் காட்டினார்கள். கரண்ட் இல்லாத ஊருக்காகப் பக்கத்தில் கையால் சுற்றும் கைப்பிடி ஒன்று இருந்தது, அன்னான் சுற்றிப் பார்க்கப் போக அது கழன்று கையோடு வந்துவிட்டது. விற்பனைக்கு வந்த மாடலில் அந்தக் கைப்பிடியே கிடையாது.

2007 கடைசியில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது விலை 200 டாலரை நெருங்கிவிட்டது. உள்ளே 433 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், 1 ஜிபி சேமிப்பு. ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃபேன் கிடையாது, அதாவது சுற்றுகிற பாகம் எதுவுமே இல்லை, கீழே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். கீபோர்டு ஒரே ரப்பர் உறை. ஆனால் அதில் உண்மையான சாதனை திரைதான்: மேரி லூ ஜெப்சன் வடிவமைத்தது, உச்சி வெயிலில் பின்விளக்கை அணைத்தால் கறுப்பு வெள்ளையாக மாறி அச்சடித்த தாள் மாதிரித் தெரியும். இன்றைக்கு விற்கிற லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் முகம்தான் அதில் தெரியும்.

சரி, எங்கே இடறியது? கோடிக்கணக்கில் ஆர்டர் வரும் என்று போட்ட கணக்கில் வந்தது சில்லறைதான். மொத்தமாகச் சில பத்து லட்சங்கள்தான் பிள்ளைகள் கைக்குப் போயின. வாங்குகிறோம் என்று கை குலுக்கிய அரசாங்கங்கள் காசோலை எழுதும்போது காணாமல் போயின. இன்டெல் தன்னுடைய கிளாஸ்மேட் என்ற மாடலோடு போட்டிக்கு வந்தது, 2007 ஜூலையில் சமாதானமாகி இந்த அமைப்பின் குழுவில் சேர்ந்தது, 2008 ஜனவரியில் சண்டை போட்டு வெளியேறியது. 2007இலேயே ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பை விட, மலிவு லேப்டாப் சந்தையே கடைகளுக்கு நகர்ந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் வியாபாரக் கதை. வகுப்பறைக் கதை பெருவில் நடந்தது. எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கிய நாடு அது. மலைக் கிராமங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிகளுக்கெல்லாம் லேப்டாப் போய்ச் சேர்ந்தது. இன்டர்நெட் பெரும்பாலும் இல்லை. ஆசிரியர்களுக்குத் திட்டமிட்ட பயிற்சி 40 மணி நேரம். உடைந்தால் நம் தலையில் விழும் என்று பயந்து வீட்டுக்கே கொடுத்து அனுப்பாத பள்ளிகளும் உண்டு, அப்படிப் பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்க நாடுகளுக்கு இடையேயான வளர்ச்சி வங்கி 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவைச் சொன்னது: கணக்கிலும் மொழிப் பாடத்திலும் லேப்டாப் உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பொதுவான யோசிக்கும் திறனில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம்.

உருகுவே வேறு மாதிரி செய்தது. 2007இல் வில்லா கார்டால் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்து, 2009க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தார்கள். கூடவே பள்ளிகளுக்கு இணைய இணைப்பு, பழுது பார்க்கும் ஏற்பாடு. திருட்டுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: லேப்டாப் குறிப்பிட்ட நாளுக்குள் பள்ளி சர்வரைத் தொடர்புகொள்ளாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறைக்கு 2012 முதல் வீடியோ வழியாக வெளியிலிருந்து ஆசிரியர்களை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். அங்கேயும் மதிப்பெண் எகிறிவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், ஆய்வுகளில் கணக்கு, வாசிப்பு மார்க் நகரவே இல்லை. ஆனால் திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏழை வீட்டுப் பிள்ளையிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறது. பல நாடுகளில் பெட்டி பிரித்த வருடத்தோடு கதை முடிந்துவிட்டது.

கே: பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் போதும், தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்று படித்தேனே? டெல்லியில் சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்களாமே? (ஒரு இல்லத்தரசி)

ப: ஆமாம், 1999இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்ற ஆராய்ச்சியாளர் வைத்தார். தெருப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே மவுஸை நகர்த்தி, இணையத்தைத் திறந்து, படம் வரைந்து எல்லாம் செய்தார்கள். அது உண்மைதான் அம்மா, எந்தக் குழந்தையிடமும் செல்போனைக் கொடுத்துப் பாருங்கள், அரை நாளில் உங்களுக்கே சொல்லித்தரும். கம்ப்யூட்டரை ஓட்டக் கற்பது வேறு, கம்ப்யூட்டரில் பின்னக் கணக்கு கற்பது வேறு. முதலாவதற்கு ஆள் வேண்டாம், இரண்டாவதற்கு "ஏன் இப்படி வந்தது?" என்று பக்கத்தில் நின்று கேட்க ஒருத்தர் வேண்டும்.

கே: எங்கள் பள்ளியில் ஒரு வகுப்புக்கு 40 பிள்ளைகள். கிடைத்திருக்கும் நன்கொடையில் 10 கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும். ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்கிறார் எங்கள் நிர்வாகி. வாங்கலாமா, வேண்டாமா? (ஒரு தலைமையாசிரியை)

ப: தாராளமாக வாங்குங்கள் டீச்சர். வடோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, 2007இல் வெளியானது, எழுதியவர்களில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. அதில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டே மணி நேரம், கணக்கு விளையாட்டுகள் மட்டும். கணக்கு மார்க் நன்றாகவே ஏறியது. நிறுத்திய பிறகு அந்த ஏற்றம் மெல்லக் கரைந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, நிர்வாகியிடம் பாதியை மட்டும் சொல்லாதீர்கள்.

குஜராத்திலேயே இன்னொரு ஆய்வில் கிடைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைத்தபோது பிள்ளைகள் பின்தங்கினார்கள். அதே மென்பொருளைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது பின்தங்கிய பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே பாடம், கால அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்பதில் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

உங்களுக்கு நாலு பேருக்கு ஒன்று வரும். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் லேபில் பின்னால் நின்று அரை மணி நேரம் பாருங்கள்: ஒரு பிள்ளையின் கை மவுஸில், அதை விடவே விடாது. இரண்டாவது பிள்ளை திரையில் விரல் வைத்து "இங்கே, இங்கே அமுக்கு" என்று கத்தும். மூன்றாவது எட்டிப் பார்க்கும். நான்காவது ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கும். அடுத்த வாரம் போனாலும் மவுஸ் அதே கையில்தான் இருக்கும், ஜன்னலும் அதே பிள்ளைக்குத்தான். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்கள் இதைக் கவனித்துவிட்டுத்தான் 2006 வாக்கில் ஒரே திரைக்குப் பல மவுஸ் இணைத்தார்கள், ஒவ்வொரு மவுஸுக்கும் ஒவ்வொரு நிறத்தில் அம்பு. மவுஸ் எவ்வளவு மலிவு, கம்ப்யூட்டர் எவ்வளவு விலை என்று யோசித்தால் அதைவிட மலிவான முன்னேற்றம் கிடையாது. உங்களிடம் அந்த மென்பொருள் இல்லாவிட்டால் ஒரு மணி அடியுங்கள், 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். இல்லையென்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பாதிப் பேரை மட்டும் அனுப்புங்கள், மீதிப் பேருக்குப் பாடம் நடக்கட்டும்.

கே: டேப்லெட் வாங்கலாமா, கீபோர்டு உள்ள கம்ப்யூட்டர் வாங்கலாமா? (அதே டீச்சர், பின்குறிப்பில்)

ப: எழுத வைக்கப் போகிறீர்களா, பார்க்க வைக்கப் போகிறீர்களா? ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எழுத்து, எண் பழக டேப்லெட் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கக் கட்டுரை எழுத, நிரல் எழுத, எக்செல் மாதிரிக் கணக்குத் தாளில் வரைபடம் போடக் கீபோர்டு இல்லாமல் முடியாது.

அப்புறம், டேப்லெட் திட்டங்களின் வரலாறு அவ்வளவு தெம்பு தருவதாக இல்லை. 2011இல் இந்திய அரசு மாணவர்களுக்கென்று கொண்டுவந்த ஆகாஷ் டேப்லெட் 35 டாலர் என்று உலகமெங்கும் பேசப்பட்டது, தொட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும். தாய்லாந்து 2012இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுக்க ஆரம்பித்து 2014இல் ஆட்சி மாறியதும் நிறுத்திவிட்டது. பழுது விஷயத்திலும் டேப்லெட் பொல்லாதது. சார்ஜ் போடும் ஓட்டை தளர்ந்தால் உள்ளூர் ஆளால் பல சமயம் சரிசெய்ய முடியாது, பேட்டரியை உள்ளே பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். டெஸ்க்டாப்பில் மவுஸ் போனால் மவுஸ் மட்டும்தான் போகும். வாங்குவதற்கு முன் இன்னொன்று, 40 டேப்லெட்டை சார்ஜ் போட உங்கள் பள்ளியில் எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கே: ராஸ்பெரி பை 35 டாலர்தானே? எல்லாப் பள்ளிக்கும் அதையே வாங்கிப் போட்டால் விஷயம் முடிந்தது. ஏன் யாரும் செய்வதில்லை? (ஒரு பொறியாளர்)

ப: செய்கிறார்கள், செய்துவிட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஒரே சின்னப் பலகையில் முழுக் கம்ப்யூட்டர், 2012 பிப்ரவரி 29 அன்று வந்தது, அருமையான பொருள், எனக்கும் பிடிக்கும். ஆனால் 35 டாலர் என்பது வெறும் பலகை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், அடாப்டர், மெமரி கார்டு, எச்டிஎம்ஐ வயர், டப்பா எல்லாம் சேர்த்தால் பழைய டெஸ்க்டாப் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 2020இல் கீபோர்டுக்குள்ளேயே வைத்து 70 டாலருக்கு விட்ட 400 மாடல் பள்ளிக்குக் கொஞ்சம் தோது, வயர் குறைவு.

அது ஜெயிப்பது மின்சாரத்தில். பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் என்று வையுங்கள், 10 போட்டால் 1 கிலோவாட். ராஸ்பெரி பையும் சின்ன எல்இடி மானிட்டரும் 25 வாட்டுக்குள் அடங்கும், 10 போட்டால் 250. சோலார் வைத்து ஓட்டுகிற பள்ளிக்கு இது வாழ்வா சாவா என்கிற வித்தியாசம், ஏனென்றால் பேனலைவிட பேட்டரிதான் செலவு, அதையும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். (லேப்டாப் இன்னும் ஒரு படி மேல், அதுவே தனக்கு யூபிஎஸ்.)

இனி வில்லங்கம். கரண்ட் பட்டென்று போகும்போது மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் கார்டு கெட்டுவிடும், மறுநாள் பை எழுந்திருக்காது. அதன் செட்டிங்கிலேயே ஓவர்லே என்று ஒரு வசதி உண்டு, அதைப் போட்டால் கார்டில் எதையும் எழுதாது, பிள்ளைகளின் வேலையை மட்டும் பென் டிரைவிலோ சர்வரிலோ சேமிக்க வேண்டும். லேப் அமைக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது, பாதிக் கார்டு செத்த பிறகு செய்வதில் அர்த்தமில்லை.

இன்னொன்று கடிகாரம். ஒரு பள்ளியில் நான் போனபோது, "நெட் வேலை செய்யவில்லை, எந்த சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சொல்கிறது" என்று புகார். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. அவை பழைய டெஸ்க்டாப்புகள், 12 இருந்தன, மூலையில் தேதியைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பழைய வருடத்தில் உட்கார்ந்திருந்தது. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று போட்டிருக்கும், அது தீர்ந்தால் கம்ப்யூட்டருக்கு இன்று என்ன தேதி என்றே தெரியாது, தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று நினைத்துக்கொள்ளும். ஒரு தேநீர் செலவில் தீர்கிற விஷயத்துக்கு அந்த லேப் ஒரு வருடம் சும்மா கிடந்திருக்கிறது. ராஸ்பெரி பையில், ஐந்தாவது மாடலுக்கு முந்தியவற்றில், அந்தக் கடிகாரமே கிடையாது, இணையம் இருந்தால் தேதியை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பழைய தேதிதான்.

கே: எங்கள் அலுவலகத்தில் 30 கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டப் போகிறார்கள். விண்டோஸ் 11 ஏறாதாம். பள்ளிக்குக் கொடுத்தால் புண்ணியம்தானே? (ஒரு அலுவலக மேலாளர்)

ப: கொடுங்கள், ஆனால் குப்பையைக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, அதனால்தான் இப்போது உலகம் முழுக்க நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டர்கள் வெளியே வருகின்றன. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுற்றுகிற பாகம் இல்லாத வேகமான சேமிப்பு), 8 ஜிபி ரேம், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் ஏதாவது ஒன்று போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும். அந்த எஸ்எஸ்டி செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், பள்ளி தலையில் கட்டாதீர்கள். உங்கள் அலுவலக ஃபைல்களை அழித்துவிட்டும் கொடுங்கள். 30 கொடுப்பதாக இருந்தால் 25ஐ ஓடுகிற நிலையிலும் 5ஐ உதிரிபாகத்துக்கும் என்று சொல்லியே கொடுங்கள், பவர் சப்ளை போகும்போது அந்த ஐந்தும்தான் தெய்வம்.

ஓடாததைக் "நன்கொடை" என்று கப்பலேற்றி அனுப்புகிற வழக்கமும் உலகத்தில் உண்டு. கானா தலைநகர் அக்ராவில் அக்போக்புளோஷி என்ற மின்னணுக் குப்பைமேட்டில் வயரை எரித்துச் செம்பு எடுத்த இளைஞர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

கொடுத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கொலம்பியாவில் நிறுவனங்கள் தந்த கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து பள்ளிகளுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்றை ஆராய்ந்தார்கள். மார்க் பெரிதாக மாறவில்லை. காரணம் தேடினால், மொழிப்பாடம் கற்பிக்கத் தந்த கம்ப்யூட்டரை வைத்து ஆசிரியர்கள் "இது மானிட்டர், இது கீபோர்டு" என்று கம்ப்யூட்டர் பாடம்தான் நடத்தியிருக்கிறார்கள்.

கே: இணையம் இல்லாத பள்ளியில் கம்ப்யூட்டர் வைத்து என்ன செய்வது? (பெயர் போட வேண்டாம் என்றவர்)

ப: நிறைய. கிவிக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள், விக்கிப்பீடியாவை அப்படியே ஒரு ஃபைலாக இறக்கி பென் டிரைவில் வைத்துப் படிக்கலாம், தமிழ் விக்கிப்பீடியாவும் கிடைக்கிறது. கோலிப்ரி என்று இன்னொன்று, பாட வீடியோக்களையும் பயிற்சிகளையும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் மற்றவை வைஃபை வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், வெளி இணையமே வேண்டாம், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்கும் காட்டும். இணையம் உள்ள இடத்துக்கு யாராவது போய் மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வந்தால் போதும். சில சமயம் இணையம் இல்லாத லேபில்தான் பாடம் நடக்கிறது என்று ஒரு ஆசிரியர் சொன்னார், நான் வாயைத் திறக்கவில்லை.

கே: கழிப்பறையே சரியில்லாத பள்ளிக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா? (கோபமாக ஒரு வாசகர்)

ப: முதலில் கழிப்பறை. சண்டையே இல்லை.

கே: லேப் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? (ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர்)

ப: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இதுதான், இதைக் கேட்டவருக்கு எத்தனை நாள் கதவுக்கு வெளியே காத்திருந்த அனுபவமோ. நான் பார்த்த லேப்களில் பாதி, தலைமையாசிரியர் லீவு என்றால் திறக்காது. உள்ளே கம்ப்யூட்டர் எல்லாம் உறை போட்டுத் துடைத்துப் புதுசாக இருக்கும், ஆய்வுக்கு வருகிறவர் பார்த்து மெச்சிவிட்டுப் போவார். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்கிற பயம் இருக்கிறவரை எந்த ஆசிரியரும் சாவியைத் தொடமாட்டார், அதனால் முதலில் நிர்வாகத்திடம் ஒரு காகிதம் வாங்குங்கள்: பிள்ளைகள் கைபட்டுக் கெட்டால் யார்மீதும் பொறுப்பு கிடையாது, வருடத்துக்கு இவ்வளவு பழுது செலவு ஒதுக்கியிருக்கிறோம் என்று. வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்காவது கேளுங்கள், பேரம் பேசுவார்கள், பேசட்டும்.

அதன் பிறகு இரண்டு சாவி போடுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று பிள்ளைகள் குழுவிடம். நான் போன ஒரு பள்ளியில் அப்படித்தான் இருந்தது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவைத் திறந்துவிட்டுக் கையில் ஒரு நோட்டோடு நின்றாள். எந்தக் கம்ப்யூட்டர் எந்தத் தேதியில் எதனால் படுத்தது, யார் சரிசெய்தார்கள் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தாள். "அண்ணா, நாலாவதுல உக்காராதீங்க, அதுல ஸ்பேஸ் பார் ரெண்டு தடவை அடிக்கும்" என்றாள்.